சேலத்தில் ஒரு 1969 ரோடு ரன்னர்: சீரமைப்பு எப்படி இருக்கிறது?

கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, நேர்க்கோட்டில் யார் முதலில் கடப்பது என்ற போட்டிக்காகவே பல ஆண்டுகள் ஓட்டப்பட்ட ஒரு 1969 பிளைமவுத் ரோடு ரன்னர், இப்போது சேலம் அஸ்தம்பட்டியை ஒட்டிய ஒரு கொட்டகையில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் நிற்கிறது. உரிமையாளரின் அனுமதியோடு அதை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி முழுவதையும் பார்க்கவும், ஏற்காட்டில் பழைய கார் ஆர்வலர்கள் கூடிய ஒரு சிறு காட்சிக்கு அதை ஓட்டிச் செல்லவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பந்தயத்தில் அடிபட்ட காரைச் சீரமைப்பவர் எதைத் திருத்த வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதில் இந்தக் காரில் எடுக்கப்பட்டிருக்கும் முடிவுகள் பெரும்பாலும் சரியானவை என்பது என் கருத்து. பிரேக் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மலை அடிவாரத்தில் குடியிருக்கும் காருக்கு அது சிறிய குறையும் அல்ல.

பிளைமவுத் என்ற பெயர் சேலத்து மூத்தவர்களுக்குப் புதிதல்ல. கிரைஸ்லர் குழுமத்தின் டாட்ஜ், பிளைமவுத் கார்களை பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பூட்டி விற்ற காலத்தில், ஜவுளிக்கடை முதலாளிகளும் பஸ் முதலாளிகளும் வைத்திருந்த கனமான, சாதுவான கார்களின் பெயர் அது. ரோடு ரன்னர் அந்தக் குடும்பத்தில் பிறந்த வேறு வகைப் பிள்ளை. 1968-ம் ஆண்டு மாடலாக அது அறிமுகமானபோது, அலங்காரங்களையெல்லாம் நீக்கிவிட்டுப் பெரிய எஞ்சினை மட்டும் வைத்து, சம்பளக்கார இளைஞனும் வாங்கக்கூடிய விலையில், 3,000 டாலருக்குள் விற்றார்கள். வார்னர் பிரதர்ஸின் கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்திக்கொள்ள நிறுவனம் 50,000 டாலர் கொடுத்தது. அந்தப் பறவையின் குரலில் ஒலிக்கும் ஹாரனையும் பொருத்தியது. 1969-ல் மோட்டார் டிரெண்ட் இதழ் இதையே ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது.

சேலத்துக்கு வந்திருக்கும் கார் நீல நிறத்தில் உள்ள ஹார்ட்டாப், அதாவது பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத ரகம். 383 கன அங்குலம், நம் கணக்கில் 6.3 லிட்டர், வி வடிவில் எட்டு சிலிண்டர். தொழிற்சாலை அறிவித்த சக்தி 335 குதிரைத்திறன். அமெரிக்க நிறுவனங்கள் அந்நாளில் டைனமோ, ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவற்றைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் தனியாக அளந்தன. 1972 மாடலிலிருந்துதான் அவற்றையெல்லாம் பூட்டி அளந்த எண்களை வெளியிடத் தொடங்கின. ஆகவே இன்றைய கார்களின் எண்களோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. 576 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்ற இன்னொரு எண்ணுக்கும் இது பொருந்தும் என்றாலும், காலை வைத்தவுடன் உடல் இருக்கையில் அழுந்துவதை உணர்ந்தவர்கள் எண்களைப் பற்றி அதிகம் கவலைப்பட மாட்டார்கள்.

பந்தயக் கடந்தகாலம் என்று விற்பவர்கள் சொல்வதை நான் எளிதில் நம்புவதில்லை. பின் சக்கரத்துக்கு அகலமான டயரைப் போட்டுவிட்டு அப்படிச் சொல்பவர்கள் உண்டு. இந்தக் காரில் அதற்கான தடயங்கள் அடிப்பகுதியில் இருந்தன. டிராக் ரேஸ் (drag race) எனப்படும் இந்தக் கால் மைல் பந்தயத்தில் கார் கிளம்பும் அந்த முதல் நொடியில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக வரும் முறுக்கு பின் அச்சையே திருகப் பார்க்கும். வலது பின் சக்கரம் தரையிலிருந்து எழும்ப முயலும், இடது சக்கரம் அழுந்தும். இதைச் சமாளிக்கக் கிரைஸ்லர் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தமானது. பந்தயக்காரர்களுக்கென்று விற்ற ஸ்பிரிங் செட்டில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்காது; வலது பக்கத்து அடுக்கில் பட்டைகள் கூடுதலாக இருக்கும். அச்சுக்கு முன்னால் உள்ள பகுதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும் வைத்து, பின் அச்சுப் பெட்டியின் முன்முனையான பினியன் மூக்குக்கு மேலே ஸ்னப்பர் என்ற ரப்பர்க் கட்டையையும் பொருத்தினார்கள். அச்சு திரும்ப முயலும்போது அந்தக் கட்டை தரைத்தகட்டில் முட்டும். முட்டும் விசை காரின் பின்புறத்தை மேலே தூக்கி, டயர்களைத் தரையோடு அழுத்தும்.

இந்தக் காரில் அந்த ஸ்பிரிங்குகள் இன்னும் இருக்கின்றன. பட்டைகளை எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் வித்தியாசம் தெரிகிறது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பட்டை மாற்றும் தொழிலாளி ஒருவர் கீழே குனிந்து பார்த்தால், "யாரோ தப்பா மாட்டிட்டாங்க சார்" என்றுதான் முதலில் சொல்வார். உரிமையாளர் அதை மாற்றாமல் விட்டது சரி. ஸ்னப்பரை மட்டும் தாழ்வான சாதாரண ரப்பருக்கு மாற்றியிருக்கிறார், அதுவும் சரி. பந்தய உயரத்தில் அது இருந்தால் நம் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையிலும் தரைத்தகடு அடிவாங்கும்.

உடல் வேலை கப்பலில் ஏறுவதற்கு முன்பே அமெரிக்காவில் முடிந்துவிட்டது. எஞ்சின், ஒயரிங், பிரேக், உள்அலங்காரம் ஆகியவை சேலத்தில் நடந்தன. இவ்வகைக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, தகட்டு உடலே சேசிஸ். ஓயாமல் பந்தயத்தில் கிளம்பிக் கிளம்பி அது முறுக்கிக்கொள்ளும். பின் மட்கார்டின் மேல் விளிம்பில் சுருக்கம், கூரையும் பின்தூணும் சேரும் இடத்தில் விரிசல், கதவின் பின் மேல்மூலையில் இடைவெளி விரிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இங்கே மூன்று இடங்களையும் விரலால் தடவியும் காந்தம் வைத்தும் பார்த்தேன். பட்டி பூசி மூடிய இடம் எதுவும் அகப்படவில்லை. கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் நின்ற நான்கு இடங்களிலும் தரைத்தகட்டில் பழைய பொத்தல்களின் மேல் ஒட்டுத்தகடு வைத்து அடைக்காமல், கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டு செய்து, இருபுறமும் ராவியிருக்கிறார்கள். டிக்கியில் பேட்டரிக்காகப் போட்ட துளைக்கும் அதே வைத்தியம்.

பின் சக்கர அறைகளின் உள்விளிம்பில் மட்டும் கை வைக்கவில்லை. அகலமான பந்தய டயர் உரசாமல் இருப்பதற்காக, யாரோ ஒருவர் அந்த விளிம்பைச் சுத்தியலால் அடித்து உள்ளே மடக்கியிருக்கிறார். வட்டமான சுத்தியல் முகத்தின் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறியவையாக, பெயிண்டுக்கு அடியிலும் தெளிவாகத் தெரிகின்றன. இடது பக்கம் அடிகள் நெருக்கமாகவும் சீராகவும் உள்ளன, வலது பக்கம் அவசரத்தில் அடித்தது போல. பின்பக்கச் சிறு கண்ணாடியிலும் ஒரு சுவடு உண்டு. பந்தய எண்ணையும் வகுப்பையும் வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதுவது அங்கே வழக்கம். அதைத் திரும்பத் திரும்பச் சுரண்டியதால் ஏற்பட்ட மெல்லிய கீறல்கள் வெயிலில் சாய்வாகப் பார்த்தால் புலப்படும். புதுக் கண்ணாடி கிடைக்காத பொருளல்ல, வேண்டுமென்றே போடவில்லை. காரைப் பலவீனமாக்கிய காயங்களை ஆற்றிவிட்டு, அதன் வாழ்க்கையைச் சொல்லும் தழும்புகளை விட்டுவைத்த இந்த முடிவை நான் மனதார ஏற்கிறேன்.

ரோல் கேஜ் போன்ற பந்தய மாற்றங்களை நீக்கியதற்குச் சட்டக் காரணமும் ஒன்று சேர்ந்துகொண்டது. முன்பு 1950-க்கு முன் தயாரான பழங்கார்களைத்தான் தடையின்றி இறக்குமதி செய்ய முடிந்தது. 2025-ல் ஐம்பது ஆண்டு கடந்த கார்கள் என்று விதி தளர்ந்த பிறகே இத்தகைய கார்களுக்கு வழி பிறந்தது. பதிவுக்கு 2021-ல் வந்த பழங்கால வாகன விதிகள் பொருந்தும். ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும், சேசிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். ரோல் கேஜும் ஃபைபர் பானட்டுமாக வந்திருந்தால் இந்தக் கார் அந்தத் தேர்வில் தேறியிருக்காது. இரும்பு பானட் திரும்பப் போடப்பட்டிருக்கிறது. எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண், கார் எண்ணின் கடைசிப் பகுதியோடு ஒத்துப்போகிறது. 1968 முதல் கிரைஸ்லர் அப்படிப் பொறித்து வந்தது. பந்தயக் காரில் முதல் எஞ்சின் பிழைத்திருப்பது அபூர்வம் என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

எஞ்சின் வேலையில் சேலத்துக் கைகளின் தரம் நன்றாகத் தெரிகிறது. சிலிண்டர்களை 30 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு) ரீபோர் செய்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஈடுகொடுக்க எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் அடித்திருக்கிறார்கள். அக்காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் இடையே ஒரு காப்பாக இருந்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டிலேயே ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. அதைவிட இன்றைய தொல்லை எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் டயஃப்ரம், வாஷர்களையும் அரிக்கும் என்பதால் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியது அவசியமான செலவு. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், காற்றோடு சேரும் எரிபொருளின் பங்கு போதாமல் கலவை வறண்டுபோகும். அதை ஈடுகட்ட, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைகளான ஜெட்டுகளைச் சற்றுப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சேலத்தில் ஓட்டும்போது இந்தச் சரிசெய்தல் கச்சிதமாக இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்குப் போனதும் காற்று மெலிந்து, பெட்ரோல் பங்கு மிகுந்து, கலவை கொழுத்துவிடுகிறது. ஏரிக்கரையில் நிறுத்தியபோது ஐடிலிங் தடுமாறியது, பெட்ரோல் வாடை உள்ளேயே வந்தது. மலைக்கு அடிக்கடி போவதானால் மேலுக்கும் கீழுக்கும் நடுவாக ஒரு ஜெட் அளவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒயரிங்கில் செய்த வேலைக்குத் தனிப் பாராட்டு உரியது. அக்காலக் கிரைஸ்லர் கார்களில் பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டில் உள்ள ஆம்மீட்டர் வழியாகவும், எஞ்சின் அறைத் தடுப்பில் உள்ள ஒரு கனெக்டர் வழியாகவும் சுற்றிவரும். வயதான கனெக்டர் முனை சூடேறி உருகுவது அறியப்பட்ட நோய். தீயில் முடிந்த சம்பவங்களும் உண்டு. இங்கே டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கனமான தனி ஒயர் ஒன்றை, மின்சாரம் மிகுந்தால் உருகித் துண்டிக்கும் ஃப்யூசிபிள் லிங்க்கோடு இழுத்து, ஹெட்லைட்டை ரிலேவில் போட்டு, பழைய ஆம்மீட்டரைப் பார்வைக்கு அப்படியே விட்டிருக்கிறார்கள். முடிச்சுப் போட்டு டேப் சுற்றிய இடம் ஒன்றுகூட இல்லை.

இனி ஓட்டம். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்து அடிவாரம் வரை, இந்தக் கார் தன் இயல்பான நிலத்தில் இருந்தது. பின் ஆக்சிலில் பந்தயத்துக்குப் போட்டிருந்த குட்டை கியரை எடுத்துவிட்டு 3.23 விகிதத்துக்குத் திரும்பியிருப்பதால், எஞ்சின் அலறாமல் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே போகிறது. மூன்று வேக டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் கியர் மாற்றும்போது இழுப்பு அறுவதே இல்லை. சேலத்து வெயிலில் நின்று நகரும் நெரிசலிலும் வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை. நொடிக்கணக்கில் மட்டுமே முழு வேலை செய்து பழகிய காருக்கு இது பெரிய விஷயம். அகலமான ரேடியேட்டரும் மின்விசிறி மூடியும் திரும்பப் போட்டதன் பலன்.

20 கொண்டை ஊசி வளைவுகள் வேறு கதை. 5 மீட்டருக்கு மேல் நீளமும் 1.9 மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள காரை அவற்றில் திருப்புவதற்கு இடமும் பொறுமையும் வேண்டும். பவர் ஸ்டியரிங் ஒற்றை விரலால் சுழற்றும் அளவுக்கு லேசானது, ஆனால் முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்ற செய்தி கைக்கு வந்து சேராது. இடது கை ஓட்டம் என்பதால், நான் சில்வர் ஓக் மரங்களையும் காப்பிச் செடிகளையும் உரசுவது போன்ற ஓரத்தில் அமர்ந்திருந்தேன். எதிரே வருவதைப் பார்க்க வலது பக்கம் அமர்ந்த உரிமையாளரின் கண்கள் தேவைப்பட்டன. முன்னே ஊர்ந்த லாரியை முந்துவதற்குக் கார் முழுவதும் வெளியே வந்த பிறகுதான் ஓட்டுபவருக்குச் சாலை தெரியும், ஆகவே முந்தவே இல்லை. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்ற விதியை அன்று எதிரே வந்தவர்கள் எல்லோரும் மதித்தார்கள். வளைவில் ஒதுங்கி நின்ற பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "ஸ்டியரிங் அந்தப் பக்கமாங்க?" என்று கேட்டுச் சிரித்தார், பதிலுக்கு உரிமையாளர் அந்தப் பறவை ஹாரனை அடிக்கச் சொன்னார். இடது கை ஓட்டக் காருக்குச் சைகை காட்டும் கருவி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ம் பிரிவு சொல்கிறது. இதில் விளக்குகள் நான்கும் பளிச்சென எரிகின்றன.

இறங்கும்போதுதான் என் அதிருப்தி தொடங்கியது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1969-ல் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்கலாம். கால் மைல் ஓடி நீண்ட சமதளத்தில் தானாக வேகம் குறையும் பந்தயக்காரருக்கு அது வேண்டாத எடை, வேண்டாத செலவு. டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவிலிருந்து விலகும், பெடல் கீழே போகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் பிடித்து வைத்து எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தித்தான் இறங்கினேன். அப்படியிருந்தும் பாதி மலையில் பெடல் தணிந்துவிட்டது, லைனிங் வாடையும் வந்தது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பிறகு கார் சிறிது தூரம் இடது பக்கம் இழுத்தது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள காரை இந்தப் பிரேக்கை நம்பி மலையில் இறக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. தொழிற்சாலையே அன்று விற்ற டிஸ்க் அமைப்பைப் போட்டால் அசல்தன்மை கெடாது என்று உரிமையாளரிடம் சொன்னேன். வந்தபோது டிரம்மாக வந்தது டிரம்மாகவே இருக்கட்டும் என்பது அவர் நிலை. சக்கர அறைத் தழும்புகளில் அவரோடு முழுமையாக ஒத்துப்போகும் நான், இதில் ஒத்துப்போக முடியாது. கண்ணாடிக் கீறலால் யாருக்கும் ஆபத்தில்லை.

சிறிய குறைகள் சில உள்ளன. பெயிண்ட் அழகு, ஆனால் மேலே பூசிய கிளியர் கோட்டின் கண்ணாடிப் பளபளப்பு அக்காலத் தொழிற்சாலையில் கிடைத்ததே இல்லை. பின் இருக்கைத் தையலின் வரிகள் முன் இருக்கை வரிகளோடு சேரவில்லை. கதவு ரப்பர் இறுகியிருப்பதால் ஏற்காட்டு மூடுபனியில் உள்பக்கம் ஈரம் கசிந்தது. ரேடியல் டயர்கள் பார்வைக்குக் கொஞ்சம் நவீனமாகத் தெரிந்தாலும் அவற்றை மாற்றச் சொல்ல மாட்டேன்.

இப்படிப்பட்ட காரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள், பளபளக்கும் படங்களுக்குப் பதிலாக நான்கு படங்களை முதலில் கேளுங்கள்: எஞ்சின் அறையில் உள்ள குறியீட்டுத் தகடு, எஞ்சின் பிளாக்கின் எண், பின் ஸ்பிரிங் முன்முனை மாட்டும் இடம், கம்பளத்தை முழுவதும் சுருட்டிய பிறகு தரைத்தகடு. கடைசிப் படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். டிஸ்க் பிரேக் உள்ள காரும் இல்லாத காரும் ஒரே விலைக்கு அருகருகே வந்தால், சேலம், ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் இருப்பவர்கள் டிஸ்க் உள்ளதையே எடுங்கள்.